தரைக்குக் கீழே ரொறொன்ரோ: நடக்க வருபவர்களுக்குச் சில சொல்

ரொறொன்ரோ நகர மையத்துக்குக் கீழே ‘பாத்’ என்ற பெயரில் ஒரு நடைபாதை வலை ஓடுகிறது. கிளைகளை எல்லாம் சேர்த்தால் 30 கிலோமீற்றருக்கு மேல் வரும். 75க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் ஆறு சுரங்க ரயில் நிலையங்களையும் அது தொடுத்து வைத்திருக்கிறது. கடைகளும் மருத்துவர், தையற்காரர் போன்றோரின் இடங்களுமாக 1,200 அளவில் இருக்கின்றன. உலகிலேயே பெரிய நிலக்கீழ் வணிகத் தொகுதி என்று 371,600 சதுர மீற்றர் கணக்கோடு கின்னஸ் புத்தகம் பதிந்திருக்கிறது.

இந்தக் கணக்குகளைக் கேட்டுவிட்டு வருகிற உறவினர்கள் பலர், முதல் அரைமணி நேரத்திலேயே முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதிர்பார்த்து வருவது ஒளிவெள்ளத்தில் ஒரு பெருஞ்சந்தை. கண்ணில் படுவதோ கோப்பிக் கடை, மருந்துக் கடை, சலவைக் கடை, மறுபடியும் கோப்பிக் கடை. ‘இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்’ என்று வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் நடையில் தெரிந்துவிடும்.

குறை பாத்தில் இல்லை, சுற்றிக்காட்டுகிற முறையில் இருக்கிறது. இது வாங்குவதற்கென்று யாரும் ஒரே மூச்சில் திட்டம் போட்டுக் கட்டிய இடம் கிடையாது. ஒவ்வொரு கட்டடக்காரரும் தன் நிலக்கீழ்த் தளத்தைப் பக்கத்துக்காரரின் தளத்தோடு துளைபோட்டுச் சேர்த்து, சேர்த்து, நூறாண்டுக்கு மேலாக வளர்ந்த நகரம் இது. வேலைக்குப் போகிறவர்கள் பனியில் நனையாமல் நடக்கிற ஊர். அப்படி நினைத்துக்கொண்டு இறங்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் பார்க்க ஏதாவது இருக்கும். பல வருடங்களாக இதற்குள் நடந்தும் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போயும் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

வேலை நாளில் போங்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் மிக நல்லது. பெருந்தொற்றுக்குப் பிறகு அலுவலகக்காரர்கள் வாரத்தில் சில நாள்தான் நகருக்குள் வருகிறார்கள். திங்களும் வெள்ளியும் பல மூலைகள் வெறிச்சோடிப் போகின்றன. காலை பத்து மணிக்குத் தொடங்குங்கள். வேலைக்கு ஓடுகிற கூட்டம் வடிந்திருக்கும், மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் இன்னும் இறங்கியிருக்காது.

யூனியன் நிலையத்தின் பெரிய மண்டபத்தில் நின்று தொடங்குங்கள். சுரங்க ரயிலில் வந்தவர்கள் அப்படியே நிலக்கீழ்ப் பாதையால் நழுவிப் போய்விடலாம். ஆனால் ஒரு தட்டு மேலே ஏறி 1927இல் திறந்த அந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். சுவரின் உச்சியில், கூரை வளையத் தொடங்கும் இடத்துக்குக் கீழே, ரயில் போய்ச் சேரும் கனேடிய நகரங்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பாத்தின் கதைக்கும் இந்த நிலையத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. நிலையத்திலிருந்து எதிரே உள்ள ரோயல் யோர்க் ஹோட்டலுக்கு நிலத்துக்குக் கீழால் ஒரு பாதை போட்டார்கள். பெட்டி படுக்கையோடு இறங்கிய பயணிகள் வீதியைக் கடக்காமலே ஹோட்டலுக்குள் போக முடிந்தது. இன்றும் அந்த வழியால் போகலாம்.

அதற்கும் முந்தியது ஈற்றன் என்ற பெரிய கடையின் சுரங்கம். 1900இல் யங் வீதியில் இருந்த தன் தலைமைக் கடையையும், மலிவு விலைச் சாமான் விற்ற கிளைக் கட்டடத்தையும் நிலத்துக்குக் கீழே அது இணைத்தது. 1917ஆம் ஆண்டளவில் நகர மையத்தில் ஐந்து சுரங்கங்கள் இருந்தன. பிறகு நெடுங்காலம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1960களில் வானுயரக் கோபுரங்கள் எழும்பத் தொடங்கியபோது, மத்தியூ லோசன் என்ற நகரத் திட்டமிடல் அதிகாரி, மேலேயுள்ள ஒடுங்கிய நடைபாதைகள் இத்தனை ஆயிரம் ஊழியர்களைத் தாங்காது என்று கணித்தார். கட்டடக்காரர்களிடம் பேசி, கீழே கடைத்தளம் வைத்துக் கட்டச் சொன்னார். 1970களில் ரிச்மண்ட்-அடிலெய்ட் சென்ரரையும் ஷெரட்டன் சென்ரரையும் ஒரு சுரங்கம் இணைத்த பிறகுதான் வலை வேகமாகப் படர்ந்தது.

சுரங்க ரயில் பாதையின் வடிவத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வழிதவறாமல் இருக்க நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள சேதி இதுதான், வரைபடத்தைவிடவும். முதலாம் இலக்க ரயில் பாதை நகர மையத்தில் ஆங்கில யூ எழுத்துப் போல வளைகிறது. அடியில் யூனியன் நிலையம். கிழக்குக் கை யங் வீதியோடு மேலே போகிறது: கிங், குயீன். மேற்குக் கை யூனிவேர்சிற்றி அவெனியூவோடு போகிறது: சென்ற் அன்ட்ரூ, ஒஸ்குட். பாத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு கைகளுக்கு நடுவிலேதான் கிடக்கிறது. ஆகவே கிழக்கே நடந்துகொண்டே இருந்தால் கிங் அல்லது குயீன் வந்தே தீரும். மேற்கே நடந்தால் சென்ற் அன்ட்ரூ அல்லது ஒஸ்குட். தெற்கே போனால் யூனியன். எந்தச் சந்தியில் திகைத்து நின்றாலும் ‘எனக்குக் கிட்டடியில் எந்த ரயில் நிலையம்’ என்று பலகையில் தேடுங்கள், அல்லது போகிற ஒருவரைக் கேளுங்கள். மத்தியான நேரம் ஓடிக்கொண்டிருக்கிற ஆளும் அந்த ஒரு கேள்விக்கு நின்று கைகாட்டுவார்.

பெயர்ப்பலகையின் நிறத்தையும் படியுங்கள். நகரசபை 1987இல் இந்த வலையை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்று, எல்லாருக்கும் பொதுவான வழிகாட்டிப் பலகைகளுக்குச் செலவழிக்க முடிவெடுத்தது. அதில் வந்ததுதான் நான்கு நிற எழுத்து. பி சிவப்பு, தெற்கு. ஏ செம்மஞ்சள், மேற்கு. ரி நீலம், வடக்கு. எச் மஞ்சள், கிழக்கு. ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. சில கட்டடங்கள் தங்கள் சொந்தப் பலகையைத்தான் கண்ணில் படும்படி மாட்டியிருக்கின்றன. அடுத்து வரும் கட்டடத்தின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது நிறத்தைவிட உறுதி.

தரையைப் பார்த்து நடங்கள். சுற்றுலாப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. பாத்தின் ஒவ்வொரு துண்டும் அந்தந்தக் கட்டடக்காரரின் சொந்தச் சொத்து. ஒருவர் பளிங்கு போட்டிருப்பார், மற்றவர் கருங்கல், வேறொருவர் சீமெந்தில் கல்துகள் கலந்து மினுக்கிய தரை. ஒரு கட்டடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தரையில் ஒரு விரல் அகலத்துக்கு உலோகப் பட்டி ஓடும். அதே இடத்தில் பக்கச் சுவரோடு சுவராகத் தீத்தடுப்புக் கதவு ஒன்று திறந்தபடி ஒட்டிக்கொண்டு நிற்கும். தீ எச்சரிக்கை மணி அடித்தால் காந்தம் விட்டு, தானாக மூடிக்கொள்ளும். கூரையின் உயரம் மாறும், வெளிச்சத்தின் நிறம் மாறும், சில இடத்தில் நாலைந்து படியோ ஒரு சின்னச் சரிவோ இருக்கும். இரண்டு பேர் வேறு வேறு காலத்தில் வேறு வேறு மட்டத்தில் தோண்டிய நிலத்தைப் பிறகு பொருத்தியதன் அடையாளம் அந்தச் சரிவு.

ஊரிலிருந்து வந்த என் மாமி ஒருவரைக் கூட்டிப் போனபோது அவர் கைத்தடியோடு நடந்தார். ஒரு பட்டியைத் தாண்டியதும் நின்று, “பிள்ளை, இதிலை நிலம் மாறுது, தடி வேறை மாதிரிக் கேட்குது” என்றார். “ஓம் மாமி, இதோடை ஒரு வங்கி முடிஞ்சு மற்ற வங்கி துடங்குது” என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு எல்லையையும் அவரே கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். வேலி எல்லைக்கு வழக்காடுகிற ஊரில் பிறந்த எங்களுக்கு, இத்தனை பணக்காரர்கள் எல்லையில் மதில் எழுப்பாமல் வழி விட்டிருப்பது சாதாரண விசயமாகத் தெரியவில்லை.

அடிக்கடி மேலே ஏறிப் பாருங்கள். கீழேயே நடந்துகொண்டிருந்தால் எந்தக் கட்டடத்தின் அடியில் நிற்கிறோம் என்பது தெரியாமல் போய்விடும், நடையில் பாதி வீண். குறைந்தது மூன்று இடத்தில் நகரும் படியில் ஏறி வெளியே வாருங்கள்.

முதலாவது, யூனியனுக்கு எதிரே ரோயல் பாங்க் பிளாசா. அதன் ஏறத்தாழ 14,000 யன்னல் கண்ணாடிகளிலும் உண்மையான தங்கப் பூச்சு இருக்கிறது. மொத்தம் 2,500 அவுன்ஸ் என்று சொல்வார்கள். அழகுக்கு மட்டும் பூசியதில்லை, தங்கம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். வெயில் சாய்ந்த நேரத்தில் வீதியில் நின்று பார்க்க வேண்டிய கட்டடம்.

இரண்டாவது, ரொறொன்ரோ-டொமினியன் சென்ரர். மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த கறுப்புக் கோபுரங்கள். முதற்கோபுரம் 1967இல் முடிந்தது. கட்டடக்கலைஞரின் கண்டிப்பு நிலத்துக்குக் கீழேயும் இறங்கியிருந்தது: தொடக்க காலத்தில் கீழ்த்தளக் கடைகள் எல்லாவற்றுக்கும் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, ஒரே எழுத்துரு, வேறெதற்கும் இடமில்லை. மேலே வந்தால் கோபுரங்களுக்கு நடுவே ஒரு புல்வெளியில் ஏழு வெண்கலப் பசுக்கள் படுத்திருக்கும். ஜோ ஃபஃபார்ட் 1985இல் செய்த சிற்பங்கள். குழந்தைகளைக் கூட்டி வந்தால் இதைத் தவறவிடவே கூடாது. முதுகில் கைவைத்துத் தடவலாம், யாரும் தடுப்பதில்லை. அதே வளாகத்தின் பே வீதிப் பக்கம், 1937இல் கட்டிய பழைய பங்குச்சந்தைக் கட்டடத்தின் முகப்பு இருக்கிறது. வாசலுக்கு மேலே நீளமாக ஒரு புடைப்புச் சிற்ப வரிசை. அதில் உயரத் தொப்பி வைத்த கனவான் ஒருவரின் கை, முன்னால் போகிற தொழிலாளியின் சட்டைப்பைக்குள் நுழைவதுபோலத் தெரியும். பங்குச்சந்தையின் நெற்றியிலேயே அப்படி ஒரு காட்சி. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தால் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது, புரூக்ஃபீல்ட் பிளேஸ். இங்கே மாடிவரை ஏறத் தேவையில்லை, கீழ்த்தளத்திலிருந்து ஒரு தட்டு வந்தால் போதும். சந்தியாகோ கலத்ராவா வடிவமைத்து 1992இல் திறந்த உயரமான நடைக்கூடம் அது. வெள்ளை இரும்புத் தூண்கள் இரு பக்கமும் எழுந்து, கிளை பிரிந்து, மேலே கண்ணாடிக்கடியில் ஒன்றையொன்று தொடும். தாழ்ந்த கூரையடியில் ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு அதற்குள் வந்து நிற்கும்போது கழுத்து தானாக நிமிரும். பாத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்களை நான் இங்கேதான் கூட்டிப் போவேன். இதே தொகுதியில் 1885இல் கட்டிய பழைய வங்கிக் கட்டடத்துக்குள் ஐஸ் ஹொக்கியின் புகழ்க்கூடம் இருக்கிறது.

பதினொன்றரைக்கு முன் சாப்பிடுங்கள். பன்னிரண்டு அடித்ததும் ஃபூட் கோர்ட்டுகளில் கதிரை கிடைக்காது. தட்டை வைத்துக்கொண்டு நின்றபடி அலுவலகக்காரர் சாப்பிடுகிற நேரத்தில் சுற்றுலா வந்த நாலு பேர் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு கதைப்பது நன்றாக இராது. அவர்களுக்கு இருப்பது அரைமணியோ ஒரு மணித்தியாலமோ.

சாப்பிடும்போது அடுப்படியையும் ஒருமுறை பாருங்கள். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்த எங்கள் ஆட்களில் ஏராளம் பேரை ரொறொன்ரோவின் உணவகக் குசினிகள்தான் முதலில் ஏற்றுக்கொண்டன. பாத்திரம் கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, பிறகு இத்தாலியச் சமையலும் பிரெஞ்சுச் சமையலும் பழகி, தலைமைச் சமையற்காரரானவர்கள் உண்டு. வங்கிக் கோபுரங்களை இரவில் துடைத்துக் கூட்டியவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் இன்றைக்கு அதே கோபுரங்களின் மேல்மாடியில் கணக்காளராகவும் சட்டத்தரணியாகவும் இருக்கிறார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு இதே கீழ்த்தளத்துக்கு இறங்குகிறார்கள். புதிதாக வருகிற மாணவர்கள், அகதிகள் இப்போது அந்தக் குசினிகளில் நிற்கிறார்கள். அதனால் எனக்கு இந்தக் கீழ்த்தளம் பார்க்க வருகிற இடம் மட்டும் கிடையாது. தட்டை எடுத்து ஒழுங்காகக் குப்பையில் கொட்டி அடுக்கிவிட்டு எழும்புங்கள். துடைக்க வருகிறவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள், எந்த மொழியிலானாலும்.

சின்னக் கடை ஒன்றில் ஒரு வேலை கொடுங்கள். துணிக்கடைகளும் கோப்பிக் கடைகளும் உலகம் முழுக்க இருப்பவைதான். பாத்தில் நான் விரும்பி நிற்பது சப்பாத்துத் திருத்தும் கடைகளில். ஆறடி அகலம்கூட இருக்காது. முன் தட்டில் கறுப்பிலிருந்து மண்ணிறம்வரை மெழுகு டப்பிகள், சுவரில் வெட்டாத சாவிகள், பின்னால் சுழலும் தூரிகை இயந்திரம். தேய்ந்த குதிகளோடு பெண்களின் சப்பாத்துகள் சோடி சோடியாக, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச்சீட்டுச் செருகி, தட்டில் வரிசையாக இருக்கும். பனிக்காலத்தில் வீதிக்குப் போடுகிற உப்பு தோலில் ஏறி வெள்ளைக் கோடாகப் படியும். அதை எடுக்க இவர்களிடம்தான் வர வேண்டும். மேலே வாடகை கட்ட முடியாத இந்தத் தொழில்கள் கீழே இன்னும் பிழைத்திருக்கின்றன. அலுவலகக்காரர் வருகை குறைந்த பிறகு பல கடைகள் மூடுண்டன, இருப்பவர்களுக்கும் பாடு கடினம். சப்பாத்தை மினுக்கவோ, மணிக்கூட்டுக்குப் பற்றறி மாற்றவோ, கழன்ற பொத்தானைத் தைக்கவோ கொடுத்துவிட்டு நடந்து திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடக் கதையில் கிடைக்கிற பாத், வரைபடத்தில் கிடைக்காது.

கழற்றிக் கையில் எடுக்கக்கூடிய மேற்சட்டை போடுங்கள். வெளியே சைபருக்குக் கீழே பதினைந்து பாகை இருந்தாலும் கீழே வியர்க்கும்.

செய்யக்கூடாதவை

சனி, ஞாயிறில் கடை பார்க்க வராதீர்கள். ஈற்றன் சென்ரரும் யூனியன் நிலையமும் திறந்திருக்கும். அவற்றுக்கு நடுவில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பூட்டித்தான் கிடக்கும்.

போன் காட்டும் நீலப் புள்ளியை நம்பாதீர்கள். கொங்கிறீற்றுக்குக் கீழே அது தடுமாறும். இரண்டு தெரு தள்ளி நிற்பதாகக் காட்டும். நகரசபையின் பாத் வரைபடத்தை முதலே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்திலும் தூரத்தை அளந்து ஏமாறக் கூடாது; மேலே நேர்கோடாக இருக்கும் வீதி, கீழே மூன்று தரம் வளைந்து, ஒரு தரம் படியேறி இறங்கும்.

பழைய பெயரைக் கேட்டுக் குழம்பாதீர்கள். இங்கே நெடுநாள் இருப்பவர்கள் ரோஜர்ஸ் சென்ரரை இன்னும் ஸ்கைடோம் என்பார்கள். ஸ்கோஷியாபாங்க் அரீனாவை எயார் கனடா சென்ரர் என்பார்கள். புரூக்ஃபீல்ட் பிளேஸ் அவர்களுக்கு பிசிஈ பிளேஸ். குயீன் வீதியில் இருந்த ஹட்சன்ஸ் பே கடை 2025இல் மூடிவிட்டது, ஆனாலும் ‘பேக்குப் பக்கத்தால் திரும்பு’ என்றுதான் வழி சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் புதிய ரயில் பாதைக்கான வேலையும் நடப்பதால், தடுப்புப் போட்டிருந்தால் மாற்றுவழிப் பலகையைப் பின்பற்றுங்கள்.

பாதையின் நடுவில் நிற்காதீர்கள். காலை எட்டிலிருந்து ஒன்பதரை, மாலை நாலரையிலிருந்து ஆறு. இந்த இரண்டு நேரமும் பாத் ஆறாக ஓடும். பெருந்தொற்றுக்கு முன் வேலை நாளில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் நடந்த பாதை இது. அவர்கள் தலை நிமிர்த்திப் பார்க்காமலே எந்தத் திருப்பம் எங்கே என்று தெரிந்து நடப்பவர்கள்; ரயிலுக்கு நாலு நிமிடம் இருக்கிறது என்பது காலுக்குத் தெரியும். வலது பக்கம் ஒதுங்கி நடங்கள். படம் எடுக்க, வரைபடம் பார்க்க, குழந்தையின் சப்பாத்து நாடா கட்ட, தூண் ஓரமாகப் போங்கள். நகரும் படியிலும் வலப்பக்கம் நில்லுங்கள்.

இது பொது வீதி என்று நினைத்துவிடாதீர்கள். பார்வைக்கு வீதிபோல இருந்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் சொந்தக்காரர், காவலாளி, திறக்கும் நேரம், மூடும் நேரம் உண்டு. கையிலிருக்கும் போனில் நாலு படம் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். முக்காலி நிறுத்திப் படமெடுத்தால் அடுத்த நிமிடம் காவலாளி பக்கத்தில் நிற்பார். அவரோடு வாதாட வேண்டாம். அது அவருடைய வேலை.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சைபருக்குக் கீழே இருபது பாகை அடிக்கிற இரவில் தங்க இடமில்லாதவர்களுக்கும் இந்தச் சூடு வேண்டும். கதிரைகளைக் குறைப்பதும், உட்காரக்கூடிய விளிம்புகளில் இரும்புக் குமிழ் பதிப்பதும், கண்ணயர்ந்தவரை எழுப்பி அனுப்புவதும் நிலக்கீழ்ப் பாதைகளில் நடக்கின்றன. நகரசபை பலகைக்குச் செலவழித்ததுபோல இதற்கும் ஒரு பொது ஒழுங்கைக் கொண்டுவர வேண்டும் என்பது என் எண்ணம். சுற்றிப் பார்க்க வருகிறவர் செய்யக்கூடியது சிறியதுதான்: ஓரமாக உட்கார்ந்திருப்பவரைப் படம் பிடிக்காதீர்கள். பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

வயதானவர்களையும் குழந்தை வண்டிகளையும் வழி பார்க்காமல் கூட்டி வராதீர்கள். வேறு வேறு மட்டத்தில் கட்டியவற்றைப் பொருத்தியதால் படிகள் எதிர்பாராத இடத்தில் முளைக்கும். லிப்ட் இருக்கும், ஆனால் பின்னால், ஒரு நடைக்கூடம் தள்ளி இருக்கும். புதிய கட்டடங்கள் வழியாகப் போவது சுலபம். மாமியோடு போனபோது யூனியனிலிருந்து புரூக்ஃபீல்ட் பிளேஸ், கொமர்ஸ் கோர்ட், அங்கிருந்து கிங் நிலையம் என்று சின்ன வட்டமாக வைத்துக்கொண்டேன். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அது போதும். கொமர்ஸ் கோர்ட்டின் 1931ஆம் ஆண்டுக் கோபுரம் 34 மாடி; முப்பது வருடம் பிரித்தானியப் பேரரசு, பொதுநலவாய நாடுகள் எல்லாவற்றிலும் அதுவே உயரமானதாக இருந்தது.

ஒரே நாளில் முழுவதையும் நடந்து முடிக்கப் பார்க்காதீர்கள். யூனியனிலிருந்து ஈற்றன் சென்ரருக்கு நிற்காமல் நடந்தால் அரைமணி எடுக்கும். பார்த்துப் பார்த்துப் போனால் மூன்று மணித்தியாலம். போகும்போது மேற்குப் பக்கக் கட்டடங்கள் வழியாக, ரொறொன்ரோ-டொமினியன், ஃபேர்ஸ்ற் கனேடியன் பிளேஸ், ரிச்மண்ட்-அடிலெய்ட், ஷெரட்டன் என்று போங்கள். திரும்பும்போது கிழக்குப் பக்கம். அதற்கு மேல் கால் கேட்டால் தெற்கே ஏரிக்கரைப் பக்கம் போகிற கிளை இருக்கிறது. அது நிலத்துக்கு மேலே, கண்ணாடிப் பாலங்களால் போகிறது.

ஈற்றன் சென்ரரில் தலை நிமிராமல் நடக்காதீர்கள். 1977இல் திறந்த அந்தக் கடைத்தொகுதியின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே அறுபது கனேடிய வாத்துகள் சிறகு விரித்து இறங்குகின்றன. மைக்கல் ஸ்னோவின் சிற்பம். ஒரு நத்தாருக்கு, அழகாக இருக்கும் என்று நிர்வாகம் வாத்துகளின் கழுத்தில் சிவப்பு ரிபன் கட்டியது. தன் படைப்பைச் சிதைத்துவிட்டார்கள் என்று ஸ்னோ நீதிமன்றம் போனார். வாங்கிய பொருளில் ரிபன் கட்ட எங்களுக்கு உரிமையில்லையா என்பது நிர்வாகத்தின் கேள்வி. வாங்கியவருக்கு அந்த உரிமை இல்லை என்று 1982இல் தீர்ப்பு வந்தது, ரிபன்கள் அவிழ்ந்தன. படைப்பாளியின் தார்மீக உரிமைக்குக் கனடாவில் இன்றும் எடுத்துக்காட்டும் வழக்கு இது. எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், பாட்டுக் கட்டுகிறவர்கள் எல்லாரும் அந்த வாத்துகளுக்குக் கீழே நின்று ஒருமுறை மேலே பார்க்க வேண்டும்.

ஆறு மணிக்குப் பிறகு புது வழி தேடாதீர்கள். கடைகள் ஒவ்வொன்றாகச் சட்டர் இறக்கும், அதன் பிறகு சில கட்டடங்கள் தங்கள் கதவையும் பூட்டும். ஒரு மூடிய கதவைக் கண்டால் அடுத்ததையும் தள்ளிப் பார்த்துக்கொண்டு உள்ளே உள்ளே போகாமல், கிட்டவுள்ள படியால் வீதிக்கு ஏறிவிடுங்கள். சிஎன் கோபுரம் தெரிகிற பக்கம் தென்மேற்கு. அதை வலக்கைப் பக்கம் முன்னால் வைத்துக்கொண்டு இறக்கத்தில் நடந்தால் யூனியன் வரும்.